பாதிதான் தசை

ஜூன் 14

மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே இந்த நோட்டைத் தொடங்கிவிட்டேன். மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கும் ஹேமலதா மேடம் கொடுத்தது. இன்று முதல் என் வீட்டுக்காரரும் நானும் வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுத வேண்டுமாம். "இடது பக்கத்துல சாப்பாட்ட எழுதுங்க, நான் அத மட்டும்தான் பாப்பேன். வலது பக்கம் உங்க இஷ்டம். மனசுல உள்ளத எழுதினா கொஞ்சம் லேசா இருக்கும்" என்றார். வலது பக்கம் இது.

முதல் தாளில் விவரம் நிரப்ப வேண்டியிருந்தது. நோயாளி: அமலதாஸ், வயது 47, எடை 66. கொடையாளி: பிலோமினா, மனைவி, வயது 43, எடை 74. கொடையாளி என்ற இடத்தில் என் பெயர் கோணிவிட்டது. பஸ் ஆடியதால்.

டாக்டர் கிருபாகரன் இன்று எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருடைய ஈரல் சுருங்கிப் போய்விட்டது. மாற்றினால்தான் பிழைப்பார். இறந்தவர்களிடமிருந்து வரும் ஈரலுக்குப் பதிவு செய்திருக்கிறோம். அது எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய தம்பிக்குச் சர்க்கரை, ஆகாது என்றுவிட்டார்கள். மகள் ஜெனிட்டாவுக்குப் பதினாறு வயது, சட்டம் இடம் கொடுக்காது. மிச்சம் நான். என் ரத்த வகை பொருந்துகிறது. ஆனால் என் ஈரலில் கொழுப்பு. ஒன்பது கிலோ இறக்கினால்தான் என்னிடமிருந்து வெட்டி எடுப்பார்கள். மூன்று மாதம் அவகாசம்.

அவருக்கு நேர்மாறு. "ஈரல் கெட்டா உடம்பு தசையத்தான் தின்னும்மா. இவ்வளவு பெரிய ஆபரேஷனத் தாங்க தசை வேணும். அது கரையாம பாத்துக்குங்க" என்றார் டாக்டர்.

அவருக்குக் கரையக் கூடாது, எனக்குக் கரைய வேண்டும். ஒரே அடுப்பு.

ஜூன் 16

காலையில் அவருக்கு முட்டை வெள்ளை மூன்று, இட்லி நான்கு. எனக்கு இட்லி இரண்டு. பதினொரு மணிக்கு அவருக்குச் சுண்டல், உப்பு போடாமல். படுக்கும் முன் சத்துமாவுக் கஞ்சி கட்டாயம் கொடுக்க வேண்டும். கெட்டுப்போன ஈரலால் எதையும் சேமித்து வைக்க முடியாதாம். வெறும் வயிற்றோடு படுத்தால் விடிவதற்குள் உடம்பு தன் தசையையே எடுத்துச் செலவழித்துவிடுமாம்.

உப்பில்லாத சுண்டலை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். ஆணழகன் போட்டிக் காலத்தில் மூன்று மாதம் உப்பில்லாமல் இருந்தவர்தானே.

தெருவில் கேட்கிறார்கள், "ஈரலா? சாருக்கு அந்தப் பழக்கம் உண்டா?" என்று. இவர் ஒரு சொட்டு தொட்டதில்லை. எப்போதோ ரத்தத்தில் கலந்த காமாலைக் கிருமி, இருபது வருடம் சத்தமில்லாமல் இருந்து தின்றிருக்கிறது. எத்தனை பேருக்கு இதை விளக்குவது.

ஜூன் 19

இன்று ஞாயிறு. அவர் நடத்தும் ஜிம்முக்கு அவரோடு போனேன். நாகல் நகரில் டயர் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் நான் அங்கே ஏறியது ஐந்து தடவை இருக்கலாம். சுவரில் அவர் மாவட்ட ஆணழகன் பட்டம் வாங்கிய படம். மூச்சை இழுத்துக்கொண்டு, தோளெல்லாம் எண்ணெயாக. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் எப்போதும் வெட்கமாக இருக்கும்.

அங்கே ஒரு மெஷின் இருக்கிறது. வெறுங்காலோடு ஏறி நின்று இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டால் உடம்புக்குள் என்ன எவ்வளவு என்று சீட்டு அடித்துக் கொடுக்கும். எடை 66.2. கொழுப்பு 9.8. லீன் 56.4.

"லீன்னா தசையா?" என்று கேட்டேன்.

"கொழுப்பத் தவிர மத்த எல்லாம் லீன்தான், பிலோ. எலும்பு, ஈரல், குடல், ரத்தம், தண்ணி எல்லாத்தையும் சேத்து. அதுல பாதிதான் தசை. எனக்கு நல்லா இருந்தப்ப பாதிக்கு மேலயே இருந்துச்சு. இங்க பாரு, கீழ சின்னதா போட்டிருக்கான், எலும்புத்தசைன்னு. 29.6."

எழுத்து ரொம்பப் பொடி. கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. இரண்டு எண்ணை எதற்கு எழுதிக்கொண்டிருப்பது. லீன் மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

"நீயும் ஏறு" என்றார். வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

ஜூன் 27

என் எடை 73.6. பரவாயில்லை, இறங்கத் தொடங்கிவிட்டது. காலையில் அரை மணி நேரம் மலைக்கோட்டைப் பக்கம் நடக்கிறேன்.

பள்ளியிலிருந்து வரத் தாமதம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு வேலை இருந்தது.

ஜூலை 4

லீன் 57.5. பதினைந்து நாளில் ஒரு கிலோ ஏறியிருக்கிறது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நான் சமைத்துப் போட்டது அவர் உடம்பில் ஒட்டுகிறது. ஹேமலதா மேடத்துக்குப் போன் செய்து சொல்லலாம் என்று நினைத்தேன். என் எடையையும் கேட்பார். நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சந்தோஷமா?" என்றேன். "நீ சந்தோஷமா இருக்கல்ல, போதும்" என்றார்.

ஜூலை 7

பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேலை. இரவு சாப்பிடவில்லை, பசிக்கவில்லை. இடது பக்கத்தில் 'இரவு: எதுவும் இல்லை' என்று எழுதினேன். அது உண்மைதான்.

ஜூலை 11

நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்று உடல் உறுப்புகள் பாடம். கரும்பலகையில் ஈரலை வரைந்தேன். "டீச்சர், இத வெட்டினா வலிக்குமா?" என்று ஒரு பெண் கேட்டாள். "மயக்க மருந்து குடுப்பாங்க, தெரியாது" என்றேன்.

ஜெனிட்டா பிறந்தபோது மயக்க மருந்து முழுதாகப் பிடிக்கவில்லை. பிள்ளைக்கு இதயத்துடிப்பு இறங்குகிறது, காத்திருக்க முடியாது என்று தொடங்கிவிட்டார்கள். கத்தி இறங்கியது எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது பிள்ளை பக்கத்தில் இருந்தாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பிள்ளையிடம் அவள் பிறந்த கதையை இப்படியா சொல்வது.

இதை எதற்கு இப்போது எழுதினேன் என்று தெரியவில்லை. இஸ்திரிக்குத் துணி போட வேண்டும்.

ஜூலை 18

லீன் 59.1.

கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. வயிறு போட்டிருக்கிறது, அது சாப்பாடு ஒட்டுவதால் இருக்கும். வேட்டியை இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார். சாக்ஸைக் கழற்றினால் அதன் தடம் காலில் ரொம்ப நேரம் நிற்கிறது. ரப்பர் இறுக்கம். வேறு வாங்க வேண்டும்.

இப்போதெல்லாம் ஜிம்மில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுக்கிறாராம். சட்டை போடுவதற்கும் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறார்.

ஜூலை 25

நாளை மதுரையில் ஆறு வாரப் பரிசோதனை. இரண்டு பேருக்கும் ஸ்கேன், எடை, ரத்தம். பள்ளியில் ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று சொல்லி ஆகஸ்ட் பதினாறுக்குத் தள்ளிப் போட்டேன். ஆய்வு வருவது உண்மைதான். இந்த மாதத்தில் என்று சொன்னார்கள், தேதி சொல்லவில்லை.

நான் போனில் பேசும்போது அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வைத்ததும், "பதினாறா?" என்றார். "ஆமாங்க." பேப்பரைத் திருப்பினார்.

என் எடை 73.9.

ஜூலை 30

இன்று என் மகள் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள்.

அவள் ப்ளஸ் ஒன்னில் உயிரியல் எடுத்திருக்கிறாள். அப்பாவின் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தபோது பையில் மெஷின் சீட்டுகள் இருந்திருக்கின்றன. இன்று காலையில் எடுத்தது உட்பட நான்கு சீட்டு. சமையலறை மேடையில் வரிசையாக வைத்தாள்.

"அம்மா, லீன் மட்டும் பாத்தா ஏறுது. 56, 57, 59, இன்னைக்கு 60. கீழ இருக்கிறதப் பாத்தியா? எலும்புத்தசை 29.6, 28.2, 26.1. இன்னைக்கு 24.9. லீன்ல தசையோட பங்கு எவ்வளவுன்னு போட்டுப் பாத்தேன். நூத்துக்கு ஐம்பத்திரண்டு இருந்துச்சு. இப்ப நாப்பத்தொண்ணு."

"அந்த மெஷின் பழசு, ஜெனி."

"பழசுதான். தசை குறைஞ்சிருக்கு, லீன் ஏறியிருக்கு. அப்ப ஏறுனது என்னம்மா?"

நான் குழம்பைக் கிண்டினேன்.

அவள் கூடத்துக்குப் போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது. நான் வாசற்படியிலிருந்து பார்த்தேன். மூவரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிரம்பவேயில்லை.

"தண்ணிப்பா" என்றாள்.

"தெரியும்டா" என்றார் அவர்.

ஆகஸ்ட் 1

ஜெனிட்டாவே மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டாள். நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 2

சேர்த்துவிட்டார்கள். வயிற்றில் ஊசி இறக்கி ஆறரை லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். எடுத்து முடித்துச் சட்டையைப் போட்டுவிட நான் அவரை நிமிர்த்தினேன். உள்ளே யாருமே இல்லாத மாதிரி இருந்தது. விலா, தோள்பட்டை எலும்பு, கழுத்துக் குழி. இத்தனை நாள் அந்தத் தண்ணீர்தான் அவரை எனக்குப் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

எடுத்த தண்ணீரில் கிருமி இருக்கிறதாம். ஸ்கேனில் இடுப்புப் பக்கத்துத் தசையை அளந்தார்கள். "ஜூன்ல இருந்ததுல கால்வாசிக்கு மேல போயிடுச்சு. ஆறு வாரத்துல வரச் சொல்லியிருந்தோமே" என்றார் டாக்டர் கிருபாகரன். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

பிறகு என்னை எடை மெஷினில் ஏறச் சொன்னார். 74.3.

"நீங்க ஏறியிருக்கீங்க, மேடம்."

அறையில் நர்ஸ் இருந்தார். ஜெனிட்டா இருந்தாள். நான் மெஷினிலிருந்து இறங்காமல் நின்றேன்.

"நான்தான் டாக்டர் காரணம்" என்றார் அவர் கட்டிலில் இருந்தபடி. "எனக்கு ஆக்குறது மிஞ்சிப் போகும். வீணாக்காத, சாப்பிடுன்னு நான்தான் சொல்லுவேன். நான் சொன்னா தட்ட மாட்டா."

ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர் தட்டில் மிஞ்சியதும் இல்லை.

மாலையில் ஹேமலதா மேடம் வந்து நோட்டின் இடது பக்கங்களைப் புரட்டினார். "இதுல எழுதியிருக்கிறபடி சாப்பிட்டா நாலு கிலோவாவது இறங்கியிருக்கணுமே" என்றார். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டுத் தோளைத் தொட்டார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 5

ஜெனிட்டா கேன்டீனுக்குப் போயிருந்தாள். அவருக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"பிலோ, உனக்குப் பயமா இருக்கா?"

"இல்லைங்க."

"அந்த நோட்டுல பேரு எழுதுறப்ப உன் கை ஆடுச்சு. பஸ் அப்ப கொடைரோட்டுல நின்னுட்டிருந்துச்சு."

சுளையிலிருந்து கொட்டையை எடுத்தேன்.

"ஜெனி பொறந்த அன்னைக்கு நான் கதவுக்கு வெளியதான் நின்னேன். சத்தம் கேட்டுச்சு. நீயாச் சொல்லுவேன்னு பதினாறு வருசமா இருக்கேன். சொல்லல. நானும் கேக்கல. அதான் நீ தேதியத் தள்ளிப் போட்டப்ப சும்மா இருந்துட்டேன். உன்ன ரெண்டாவது தடவ எப்படி அங்க அனுப்புறது?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. ஆய்வு இருந்துச்சு."

"சரி" என்றார். ஆரஞ்சைச் சாப்பிட்டார். நான்கு சுளை.

ஆகஸ்ட் 6

இந்தப் பக்கத்தை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. உள்ளே கடைசி மேசை, தூணுக்குப் பின்னால். பஃப்ஸ் இரண்டு, தேங்காய் பன், சில நாள் கேக். வேகமாகத் தின்பேன். ருசி தெரியாது. தின்று முடிக்கும்போது நெஞ்சு அடங்கும். இன்னும் கொஞ்ச நாள், இந்த எடையில் என்னை வெட்ட மாட்டார்கள் என்று தோன்றும். அப்படித் தோன்றியது என்பதை அன்றைக்கு எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. லீன் ஏறுகிறது, அவர் தேறி வருகிறார், நேரம் இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

கண்ணாடி என் பையில்தான் இருந்தது, ஜூன் பத்தொன்பதாம் தேதி.

இன்று காலையிலிருந்து கஞ்சித் தண்ணீரும் வெள்ளரிக்காயும் மட்டும்.

ஆகஸ்ட் 10

டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். என்னை இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "அப்படி முடியாதும்மா. கொழுப்பு படிஞ்ச ஈரல்ல பாதிய எடுத்தா, மிஞ்சுற பாதி உங்களுக்குப் பத்தாது. வைக்கிற பாதி அவருக்குப் பத்தாது. ரெண்டு பேரையும் இழந்துருவோம். நீங்க இறங்குங்க. அவரு கிருமியிலருந்து வெளிய வரட்டும். பாப்போம்" என்றார்.

எடை 72.8. காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் மருத்துவமனையைச் சுற்றி நடக்கிறேன். மொத்தம் பதினாறு சுற்று.

ஆகஸ்ட் 17

70.9.

ஆகஸ்ட் 20

கிருமி அடங்கிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். தசை கொஞ்சமாவது திரும்பட்டும் என்று பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து முறை. நூற்றைம்பது கிலோவைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுந்தவருக்கு.

இரண்டாவது தடவையிலேயே கால் மடங்கிவிட்டது. நான் குனிந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கப் போனேன்.

"இரு, இரு. முதுக வளைக்காத" என்றார் தரையில் உட்கார்ந்தபடி. "முதுக வளைச்சுத் தூக்கினா உனக்கு இடுப்பு போயிரும். முட்டிய மடக்கு. இன்னும் கீழ வா. என்னைய உன் உடம்போட ஒட்டிப் பிடி. காலத் தரையில நல்லா ஊனு. இப்ப மூச்ச விட்டுக்கிட்டே எந்திரி. இடுப்பாலதான் தூக்கணும், கையால இல்ல."

எழுந்தேன். அவரும் என்னோடு எழுந்தார். இவ்வளவு சுலபமாக வருவார் என்று நான் நினைக்கவில்லை.

"நல்லா பண்ற" என்றார் என் தோளில் மூச்சு வாங்கிக்கொண்டே. "உன் காலு பலமான காலு. அப்பவே சேத்துவிட்டிருக்கணும் உன்ன."

எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டுவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 26

69.4. இன்று மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தார். ஜெனிட்டா கை தட்டினாள்.

செப்டம்பர் 3

மதுரை. என் எடை 67.9. என் ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர், "ஈரல்ல கொழுப்பு நல்லா குறைஞ்சிருக்கு. இன்னும் மூணு கிலோ. மாசக் கடைசியில ஒரு ஸ்கேன் எடுத்துட்டா முடிவு பண்ணிரலாம்" என்றார்.

அவருடைய ஸ்கேனை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். பிறகு, "இருமுறதுக்கும் தசைதாம்மா வேணும்" என்றார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. இருமி வெளியே தள்ள அவருக்குப் பலமில்லை. திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 6

இரண்டு வாய் கஞ்சி. என் பெயரைச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார்.

செப்டம்பர் 7

தீவிர சிகிச்சைப் பிரிவு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். காலையில் ஜெனிட்டா, மாலையில் நான்.

செப்டம்பர் 9

மாலையில் அவர் காதருகே குனிந்தேன். சொல்ல வேண்டியது வாய்வரைக்கும் வந்தது. "காலையில வர்றேங்க" என்றேன்.

செப்டம்பர் 12

நேற்று விடிந்து ஆறு மணிக்குப் போய்விட்டார்.

வீட்டில் அவரைக் குளிப்பாட்ட அவர் தம்பியும் ஜிம்மிலிருந்து மூன்று பேரும் வந்தார்கள். நானும் இருக்கிறேன் என்றேன். பெண்கள் வேண்டாமே என்றார்கள். நான் நகரவில்லை. தொடையை நான்தான் சோப்புப் போட்டேன். என் ஒரு கைப்பிடிக்குள் வந்துவிட்டது. புரட்டும்போது நான்கு ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள். முதுகை வளைக்காதீர்கள் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 13

அடக்கம் முடிந்தது. பங்குச் சாமியார் நன்றாகப் பேசினார். கல்லறைத் தோட்டத்து வாசலில் யாரோ யாரிடமோ, "ஈரல் கெட்டுப் போச்சாம். பாடி பில்டருங்கல்ல, அப்படித்தான் இருப்பாங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. ஜெனிட்டா திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

ஊரெல்லாம் என்னை நல்ல மனைவி என்கிறது. "ஈரலையே குடுக்க இருந்தவ" என்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டையெல்லாம் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

செப்டம்பர் 21

சாப்பிடப் பிடிக்கவில்லை. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

செப்டம்பர் 30

காலை பதினொரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன். புதிய குரல், சின்னப் பெண். "பிலோமினா மேடம்தான? கொடையாளி ஸ்கேனுக்கு இன்னைக்கு உங்களுக்கு நேரம் குடுத்திருக்கோம். வந்துட்டு இருக்கீங்களா? இப்ப எவ்வளவு வெயிட் இருக்கீங்க?"

நான் பள்ளி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.

"அறுபத்து நாலு" என்றேன்.

"சூப்பர் மேடம். அறுபத்தஞ்சுதான் கேட்டிருந்தாங்க. நீங்க இப்ப தகுதியா இருக்கீங்க."

அந்தப் பெண் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவளிடம் பழைய பட்டியல் இருந்திருக்கும். "அவர் தவறிட்டாரும்மா" என்றேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். நான்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. பிறகு வகுப்புக்குப் போய்ப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன்.

அக்டோபர் 4

ஜெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன்.

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். பேக்கரியைச் சொன்னேன். ஆய்வு என்று சொல்லித் தேதியைத் தள்ளியதைச் சொன்னேன். சின்ன எழுத்தைப் படிக்காமல் விட்டதைச் சொன்னேன். அவள் துணியை மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஏன்?" என்றாள்.

"கத்திக்குப் பயம்."

"எல்லாருக்கும் பயம்தானம்மா. அப்பாவுக்கு ஊசின்னாலே பயம், கண்ண மூடிக்குவாங்க." அடுத்த துணியை எடுத்து உதறிவிட்டு, "எனக்கு மட்டும் பதினெட்டு ஆகியிருந்தா நான் குடுத்திருப்பேன்" என்றாள்.

உன்னை அந்த மேசையில் படுக்க நான் விட்டிருக்க மாட்டேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவள் பிறந்த நாளில் நடந்ததையும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் என்னை மன்னித்துவிடுவாள். அவள் பிறந்ததைக் காட்டி எனக்கு மன்னிப்பு வேண்டாம்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அவருக்குத் தெரியும், ஜெனி."

"அவங்களுக்குத் தெரிஞ்சது வேற. நீ சொன்னியா?"

"இல்ல. கேட்டாங்க. இல்லன்னுட்டேன்."

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். என் சேலைகளை மட்டும் கொடியிலேயே விட்டுவிட்டாள்.

அக்டோபர் 11

பேசுவதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறாள். தட்டைக் கழுவி வைக்கிறாள்.

அக்டோபர் 19

ஜிம்மை அவரிடம் பயின்ற இரண்டு பேர் எடுத்து நடத்துவதாகச் சொன்னார்கள். சாவியைக் கொடுத்தேன்.

அக்டோபர் 27

ஜெனிட்டாவுக்குக் காய்ச்சல். நெற்றியில் பத்துப் போட்டபோது தட்டிவிடவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடிக்கொண்டாள்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மாலையில் நான் பூவும் மெழுகுவத்தியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஜெனிட்டா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். வருகிறாயா என்று நான் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. எல்லா மேட்டிலும் வெளிச்சம், சாம்பிராணிப் புகை. அவருடையது இன்னும் மண் மேடுதான், மரச் சிலுவை. ஜெனிட்டா களையைப் பிடுங்கிப் பூவைப் பரப்பினாள். மெழுகுவத்தி காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை அவள் கையை மறைப்பாக வைத்தாள், நான் ஏற்றினேன். ஜெபம் சொல்லி முடித்தோம்.

எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"அப்பாகிட்ட சொல்லு. நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்."

அவள் பம்புக் குழாய்ப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். என் இரண்டு பக்கமும் யார் யாரோ மண்டியிட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மண்டியிட்டேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது என்றேன். எனக்குப் பயமாக இருந்தது என்றேன். உங்களைவிட எனக்கு என் பயம் பெரிதாகிவிட்டது என்றேன். எழுதும்போது மூன்று வரியாக இருக்கிறது. அங்கே மெழுகுவத்தி பாதி கரையும்வரை ஆனது.

எழும்போது கால் மரத்துப் போயிருந்தது. ஜெனிட்டா ஏற்கெனவே வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

வீடுவரைக்கும் எனக்கு முன்னால்தான் நடந்தாள். கூட்டத்தில் நான் பின்தங்கும்போதெல்லாம் நின்றாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் காலடிச் சத்தம் பக்கத்தில் வரும்வரை நின்றாள், பிறகு நடந்தாள்.